முள் 100 காட்டும்போது ஜிபிஎஸ் ஏன் 95 காட்டுகிறது?

நான்குவழிச் சாலையில் காரின் வேகம் காட்டும் முள் சரியாக 100-ல் நிற்கிறது. முன்னால் மாட்டியிருக்கும் போன் 95 என்கிறது. சில கார்களில் அது 97, சிலவற்றில் 93. இதைக் கவனிப்பவர்களில் பெரும்பாலோர் உடனே சொல்வது, "போன்தானே, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்" என்பதுதான். உண்மை நேர்மாறானது. சாலை நேராக இருந்து, வானம் மறைவில்லாமல் தெரிந்து, வண்டியும் ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருந்தால் போன் சொல்வதுதான் சரி. கார் கூட்டிச் சொல்கிறது, அதுவும் தெரிந்தே.

அப்படியானால் இனி போனைப் பார்த்தே ஓட்டலாமா என்றால், கூடாது. ஜிபிஎஸ்ஸை வைத்து உங்கள் முள் எவ்வளவு தள்ளிக் காட்டுகிறது என்று ஒருமுறை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டும்போது கண் முள்ளின் மேல்தான் இருக்க வேண்டும். ஏன் என்பது இரண்டு கருவிகளும் வேகத்தை எப்படிக் கண்டுபிடிக்கின்றன என்று பார்த்தால் விளங்கிவிடும்.

காருக்கு நாம் எவ்வளவு தூரம் போனோம் என்பது நேரடியாகத் தெரியாது. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பது மட்டுமே தெரியும். பழைய வண்டிகளில் கியர்பாக்ஸிலிருந்து ஒரு கேபிள் வந்து மீட்டருக்குள் காந்தத்தைச் சுழற்றும். அந்தக் காந்தத்தைச் சூழ்ந்திருக்கும் அலுமினியக் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, மெல்லிய சுருள்வில்லை எதிர்த்து முள்ளைத் திருப்பும். இந்த முறைக்கு 1902-ல் காப்புரிமை வாங்கியவர் ஜெர்மனியரான ஓட்டோ ஷூல்ட்ஸே. இப்போதைய கார்களில் கேபிள் இல்லை. கியர்பாக்ஸில் ஒரு வேக சென்சாரோ, ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) சென்சாரோ துடிப்புகளை எண்ணி மீட்டருக்கு அனுப்புகிறது. ஆனால் எண்ணப்படுவது அதே சுற்றுதான். சுற்றை வேகமாக மாற்ற டயரின் சுற்றளவு தெரிய வேண்டும். அந்தச் சுற்றளவைக் கம்பெனி ஒரு நிலையான எண்ணாக உள்ளே எழுதி வைத்திருக்கிறது. நம் டயரோ ஒருபோதும் நிலையாக இருப்பதில்லை.

185/65 ஆர்15 டயரை எடுத்துக்கொள்வோம். அகலம் 185 மி.மீ., பக்கச்சுவர் அதில் 65 சதவீதம், அதாவது 120.25 மி.மீ. மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவர், நடுவில் 15 அங்குல ரிம் 381 மி.மீ. ஆக விட்டம் 621.5 மி.மீ., சுற்றளவு சுமார் 1.95 மீட்டர். பாரத்தோடு தரையில் உருளும்போது இது சில சதவீதம் குறையும். புது டயரில் கட்டை, அதாவது மேல்வரிகளின் ஆழம், சுமார் 8 மி.மீ. இருக்கும். தேய்மான அடையாளமான 1.6 மி.மீ. வரை ஓட்டினால் விட்டத்தில் 12.8 மி.மீ. போய்விடும், கிட்டத்தட்ட 2 சதவீதம். அதே உண்மை வேகத்தில் புது டயரில் 100 காட்டிய முள், தேய்ந்த டயரில் 102 காட்டும். காற்றின் பங்கு நினைப்பதைவிடச் சிறியது. ரேடியல் டயரில் உள்ளே ஓடும் எஃகு பெல்ட்டின் நீளம் மாறுவதில்லை என்பதால், 33 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய இடத்தில் 25 இருந்தாலும் வேகக் கணக்கில் ஒரு சதவீதம்கூட மாறாது. அந்தச் சிறு வித்தியாசத்தையும் மற்ற சக்கரங்களோடு ஒப்பிட்டுப் பிடித்துத்தான் சில கார்கள் தனி அழுத்த சென்சார் இல்லாமலேயே காற்று குறைந்ததைச் சொல்கின்றன.

இந்த ஏற்ற இறக்கத்தோடு சட்டமும் சேர்கிறது. ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 39-ஆம் விதி ஸ்பீடோமீட்டர்களுக்கானது. அதன் சாரம் ஒரே வரி: உண்மை வேகத்தைவிடக் குறைவாக மீட்டர் ஒருபோதும் காட்டக்கூடாது, கூடுதலாகக் காட்டினால் உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கு, அதற்கு மேல் 4 கி.மீ., அதோடு நிற்க வேண்டும். உண்மை வேகம் 80 என்றால் 92 வரை காட்டலாம். 100 என்றால் 114 வரை. திருப்பிப் போட்டால், முள் 100-ல் நிற்கும்போது உண்மையில் சுமார் 87-தான் போய்க்கொண்டிருந்தாலும் அந்த மீட்டர் விதிக்கு உட்பட்டதே. இந்த அளவு, புது மாடலின் மாதிரி வண்டியைச் சோதித்து ஒப்புதல் தரும்போது பார்ப்பது. தொடர் உற்பத்தியில் வரும் கார்களுக்கு அந்த 4 என்பது 6 ஆகத் தளர்த்தப்படுகிறது.

கீழே ஒரு புள்ளிகூட இறங்கக்கூடாது, மேலே தாராளமாக இடம் இருக்கிறது. இந்த நிலையில் பொறியாளர் பூஜ்ஜியப் பிழையைக் குறிவைத்தால், சற்றுப் பெரிய டயரோ புது டயரோ போட்ட கார்கள் எல்லாம் விதியை மீறிவிடும். அதனால் குறியையே சில சதவீதம் மேலே வைக்கிறார்கள். காசு பார்க்கவோ, கார் வேகமாகப் போவதாகக் காட்டி ஏமாற்றவோ செய்யும் வேலை இல்லை இது. முள் 80 சொன்னால் நீங்கள் நிச்சயம் 80-ஐத் தாண்டவில்லை என்ற உத்தரவாதம். எனக்கு இது நியாயமான ஏற்பாடாகவே படுகிறது.

இனி ஜிபிஎஸ். இங்கே பரவலான ஒரு தவறான எண்ணம் உண்டு. போன் ஒவ்வொரு விநாடியும் இருந்த இடத்தையும் வந்த இடத்தையும் கழித்து வேகம் கணக்கிடுகிறது என்று நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் எண் தாறுமாறாக ஆடும். போனின் இடக்கணிப்பு ஒரு விநாடிக்கும் அடுத்த விநாடிக்கும் இடையே 3 மீட்டர் பிசகினால் போதும், வேகத்தில் கிட்டத்தட்ட 11 கி.மீ. பிழை வந்துவிடும். உண்மையில் நடப்பது வேறு. செயற்கைக்கோள் அனுப்பும் அலையின் அதிர்வெண் நம் வண்டியின் அசைவால் எவ்வளவு மாறுகிறது என்பதைச் சிப் அளக்கிறது. ரயில் நம்மைக் கடக்கும்போது ஹாரன் ஒலி சட்டென்று தடித்துப் போகிறதே, அதே டாப்ளர் விளைவு. ஜிபிஎஸ்ஸின் எல்1 அலை 1575.42 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் 19 சென்டிமீட்டர். செயற்கைக்கோளை நோக்கி நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் போனால் அதிர்வெண் சுமார் 5 ஹெர்ட்ஸ் உயரும். செயற்கைக்கோளே நொடிக்கு ஏறத்தாழ 3.9 கி.மீ. வேகத்தில் பறக்கிறது. ஆனால் அதன் பாதை விவரம் சிக்னலுக்குள்ளேயே வருவதால் அதைக் கழித்துவிடலாம். மூன்று திசை வேகங்களும் போனுக்குள் இருக்கும் கடிகாரத்தின் பிசகும் என நான்கு விஷயம் தெரிய வேண்டியிருப்பதால், குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தேவை.

இதன் துல்லியம் அசாதாரணமானது. சிக்னலின் பங்கில் வரும் வேகப் பிழை நொடிக்கு 0.006 மீட்டருக்குள் இருக்கும் என்று அமெரிக்க அரசு உறுதி தருகிறது. பரவலாகப் புழங்கும் ரிசீவர் சிப்களின் விவரத் தாளில் நொடிக்கு 0.05 மீட்டர் என்று இருக்கும். மணிக்கு 0.18 கி.மீ. திரையில் முழு எண்தான் காட்டப்படுகிறது என்பதால், சீரான ஓட்டத்தில் அந்தப் பிழை கண்ணுக்கே தெரியாது.

ஆனால் "சீரான ஓட்டம்" என்ற நிபந்தனையை விட்டுவிட்டால் எல்லாம் கெட்டுவிடும். சாதாரண போன் நொடிக்கு ஒருமுறைதான் வேகத்தைப் புதுப்பிக்கிறது. எண் துள்ளாமல் இருக்க அதன் மேல் ஒரு சீராக்கலும் நடக்கிறது. மொத்தத்தில் ஒன்றிரண்டு விநாடி பின்தங்கிய செய்திதான் நமக்கு வருகிறது. பலமாக பிரேக் அடித்தால் ஒரே விநாடியில் வேகம் 25 கி.மீ. வரை இறங்கும். அந்தக் கணத்தில் போன் காட்டுவது பழைய கதை. ஓவர்டேக் செய்யும்போதும் அப்படித்தான், நீங்கள் 100-ஐத் தொட்ட பிறகும் அது 90-களில் இருக்கும். முள்ளில் இந்தத் தாமதம் மிகக் குறைவு. ஓட்டும்போது முள்ளைப் பாருங்கள் என்று சொல்வது இதனால்தான்.

வானம் மறைந்தாலும் சிக்கல். பாலக்காடு–திருச்சூர் சாலையில் குதிரான் சுரங்கத்துக்குள் போனால் சில ஆப்கள் கடைசியாகத் தெரிந்த வேகத்தையே காட்டிக்கொண்டிருக்கும், சில போனின் சென்சாரை வைத்து ஊகிக்கும். இரண்டையும் நம்ப வேண்டியதில்லை. கத்திப்பாரா மேம்பாலத்தின் அடியிலும், மெட்ரோ பாதை தலைக்கு மேல் ஓடும் சாலைகளிலும், இருபுறமும் கண்ணாடிக் கட்டடங்கள் உள்ள இடங்களிலும் சிக்னல் பட்டுத் தெறித்து வரும். தெறித்த சிக்னலின் டாப்ளர் வேறு திசைக்கு உரியது என்பதால் வேகமும் தவறும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது ஜிபிஎஸ் தடுமாறினால் ஏற்றத்தைக் குறை சொல்கிறார்கள். ஏற்றத்தின் பங்கு மிக அற்பம். பெரும்பாலான ஆப்கள் கிடைமட்ட வேகத்தை மட்டும் காட்டுகின்றன, உண்மைதான். ஆனால் 10 சதவீதச் சரிவில்கூட அதனால் வரும் குறைவு 0.5 சதவீதம், 40-ல் போகும்போது 0.2 கி.மீ. உண்மையான காரணம் வானத்தில் பாதியை மலை மறைப்பதும், வளைவுக்கு வளைவு வேகம் மாறிக்கொண்டே இருப்பதும்தான்.

போக்குவரத்து சிக்னலில் நிற்கும்போது ஆப் 2, 3 என்று காட்டிக்கொண்டிருந்தால் அது டாப்ளரை விட்டுவிட்டு இட வித்தியாசத்தை வைத்துக் கணக்கிடுகிறது, அல்லது உங்கள் போன் சரியாகச் சிக்னல் பிடிக்கவில்லை. அந்த ஆப்பை அளவெடுக்கப் பயன்படுத்தாதீர்கள். போனில் பேட்டரி சேவர் ஓடினாலும், அந்த ஆப்புக்குத் துல்லியமான இட அனுமதி தராமல் தோராயமான இடம் மட்டும் கொடுத்திருந்தாலும் இதே கோளாறு வரும். வெப்பத்தைத் தடுக்கும் உலோகப் பூச்சுள்ள முன் கண்ணாடி சில கார்களில் உண்டு, அது சிக்னலைக் கணிசமாகக் குறைக்கும். அப்படிப்பட்ட காரில் போனைப் பக்கக் கண்ணாடி அருகே வைத்துப் பாருங்கள். சித்திரை வெயிலில் டேஷ்போர்டில் கிடந்து கொதிக்கும் போனும் வேலையைக் குறைத்துக்கொள்ளும். அதிகாலையில் அளப்பது எல்லா வகையிலும் நல்லது.

அளக்கும் முறை

வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது, ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்படி காற்று பிடித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒருவர் கட்டாயம் வேண்டும். ஓட்டுபவர் போனைப் பார்த்துக் குறிப்பெடுக்கக் கூடாது. அதேபோல முள்ளைப் பக்கத்து சீட்டிலிருந்து வாசிக்கவும் கூடாது, சாய்ந்து பார்ப்பதாலேயே இரண்டு மூன்று கி.மீ. தவறாகத் தெரியும். முள்ளை ஓட்டுநர் வாசித்துச் சொல்ல, போனை மற்றவர் வாசித்து எழுத வேண்டும்.

கிளம்பி இரண்டு மூன்று நிமிடம் கழித்து, போன் நன்றாகச் சிக்னல் பிடித்த பிறகு தொடங்குங்கள். விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டிக் கிடைப்பது போன்ற நேரான, மட்டமான, காலியான நீட்சி போதும். முள் 40-ல் வண்டியை 15–20 விநாடி அசையாமல் பிடித்து, ஜிபிஎஸ் எண் நிலைத்த பிறகு எழுதுங்கள். பிறகு 60, 80, பலகை அனுமதிக்கும் இடத்தில் 100. க்ரூஸ் கன்ட்ரோல் இருந்தால் வேலை மிக எளிது. எதிர்க்காற்றை நினைத்துப் போக ஒருமுறை, வர ஒருமுறை அளக்கத் தேவையில்லை. இரண்டு கருவிகளுமே தரையைப் பொறுத்த வேகத்தைத்தான் சொல்கின்றன, காற்றுக்கு அங்கே பங்கு இல்லை.

கிடைத்த எண்களை வரிசையாகப் பாருங்கள். 40-க்கு 38, 60-க்கு 57, 80-க்கு 76, 100-க்கு 95 என்று வந்தால் சுத்தமான 5 சதவீதப் பெருக்கல் பிழை. 40-க்கு 37, 60-க்கு 56, 80-க்கு 75, 100-க்கு 94 என்றால் அதே 5 சதவீதத்தோடு எப்போதும் ஒரு கி.மீ. கூட்டல் இருக்கிறது. எந்த ஒழுங்கும் இல்லாமல் ஒருமுறை 2, ஒருமுறை 7 என்று வந்தால் வண்டி சீராகப் போகவில்லை, திரும்ப அளக்க வேண்டும்.

ஜிபிஎஸ்ஸையே நம்ப மனம் வராதவர்களுக்குக் கிலோமீட்டர் கல் இருக்கிறது. சீரான வேகத்தில் ஒரு கிலோமீட்டருக்கு 45 விநாடி ஆனால் 80, 40 விநாடி ஆனால் 90. சூத்திரம் எளிது: 3600-ஐ விநாடியால் வகுக்க வேண்டும். ஒரே கிலோமீட்டரை மட்டும் எடுத்தால் ஸ்டாப்வாட்ச்சை அழுத்துவதில் வரும் அரை விநாடிப் பிசகே ஒரு சதவீதத்துக்கு மேல் போய்விடும். சாலை திருத்தப்பட்ட இடங்களில் கல்லும் தள்ளி நடப்பட்டிருக்கலாம். ஐந்து முதல் பத்து கிலோமீட்டர் எடுத்தால் இரண்டு பிழைகளும் கரைந்துவிடும்.

இந்தச் சோதனையோடு ட்ரிப் மீட்டரையும் பூஜ்ஜியமாக்கி, 20 கிலோமீட்டர் கல்லுக்கு எவ்வளவு காட்டுகிறது என்று பார்க்கச் சொல்வேன். பலர் விட்டுவிடும் படி இது. முள் 5 சதவீதம் கூட்டிக் காட்டியும் ட்ரிப் மீட்டர் 20-க்கு 20 காட்டினால், கூட்டல் மீட்டரின் காட்சியில் மட்டும் சேர்க்கப்பட்டிருக்கிறது, டயர் சரி. ட்ரிப் மீட்டரும் 21 காட்டினால், கார் எதிர்பார்க்கும் அளவைவிட உங்கள் சக்கரம் சிறியது: தேய்ந்துவிட்டது, அல்லது அளவு தவறு. அப்போது நீங்கள் கணக்குப் போடும் மைலேஜும் 5 சதவீதம் கூடுதலாகத்தான் தெரிந்துகொண்டிருக்கும்.

ஓபிடி சாக்கெட்டில் (மெக்கானிக் காரின் கோளாறைப் படிக்கக் கருவி மாட்டும் இடம்) சொருகி, காரின் தகவலைப் போனில் காட்டும் ஈஎல்எம்327 வகை அடாப்டர் இருந்தால் இன்னொரு குறுக்குச் சோதனையும் செய்யலாம். இன்ஜின் கம்ப்யூட்டர் தரும் வேகம் அதில் வரும், முழு எண்ணாக, 0 முதல் 255 வரை. பல கார்களில் இது ஜிபிஎஸ்ஸுக்கு மிக அருகில் இருக்கும், முள் மட்டும் தனியாக மேலே நிற்கும். கார் தனக்குள் சரியான வேகத்தை வைத்துக்கொண்டு நமக்குக் கூட்டிச் சொல்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி கிடையாது.

டயர் அளவை மாற்றினால்

ஒரே காரின் விலை குறைந்த மாடலில் 165/80 ஆர்14-உம் மேல் மாடலில் 185/65 ஆர்15-உம் வருவதைப் பார்த்திருப்பீர்கள். ரிம் வேறு, ஆனால் விட்டம் 619.6, 621.5. வித்தியாசம் 0.3 சதவீதம்தான். கம்பெனி கணக்குப் பார்த்துச் செய்த மாற்றம் அது. 195/55 ஆர்16 போட்டாலும் 620.9, முள் அசையாது. ஆனால் அதே 15 அங்குல ரிம்மில் 195/65 ஏற்றினால் விட்டம் 2.1 சதவீதமும், 205/65 ஏற்றினால் 4.2 சதவீதமும் கூடும். அதாவது கார் வைத்திருந்த 5 சதவீதப் பாதுகாப்பில் பெரும்பகுதி ஒரே நாளில் போய்விடும். உங்கள் காரில் ஆரம்பத்திலேயே 3 சதவீதம்தான் கூட்டல் இருந்தது என்றால், இனி முள் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். ஓடோமீட்டரும் குறைவாக ஓடும், மைலேஜ் திடீரென்று விழுந்ததுபோல் தோன்றும், சர்வீஸும் தள்ளிப் போகும்.

டயர் மாற்றாமலேயே ஜிபிஎஸ்ஸைவிட முள் குறைவாகக் காட்டினால் அதைச் சும்மா விடக்கூடாது. கேபிள் மீட்டரில் காந்தம் வலுவிழந்திருக்கலாம். வேறு மாடலின் மீட்டரையோ கியர்பாக்ஸையோ மாற்றிப் போட்டிருந்தால் பல்சக்கரத்தின் பல் எண்ணிக்கை பொருந்தாமல் இருக்கலாம். பழைய வண்டி வாங்குபவர்கள் டெஸ்ட் டிரைவிலேயே இதைப் பார்த்துவிடலாம்.

முள் 5 சதவீதம் கூட்டிக் காட்டுகிறது என்று தெரிந்த பிறகு, 80 எல்லையில் முள்ளை 84-க்கு ஏற்றி ஓட்டலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 76-க்கும் 80-க்கும் இடையே 100 கிலோமீட்டரில் மிச்சமாவது நான்கு நிமிடம். அதற்காகக் கையில் இருக்கும் இடைவெளி முழுவதையும் செலவழிக்கிறீர்கள். போலீசின் ரேடார் துப்பாக்கி அளப்பது உங்கள் முள்ளையோ போனையோ அல்ல, வண்டியின் உண்மை வேகத்தை. அது சாலைக்குச் சாய்ந்த கோணத்தில் நின்று அளந்தால் சற்றுக் குறைவாகவே படிக்கும். அந்தச் சலுகையையும் கணக்கில் சேர்த்து ஓட்டுவது வம்பை விலைக்கு வாங்குவது.

இந்த வித்தியாசம் நிஜமாகவே தகராறில் முடிவது கார்களில் அல்ல, வேன், பஸ், டாக்ஸிகளில்தான். அவற்றில் பொருத்தப்படும் ஏஐஎஸ்-140 (பயணி வண்டிகளுக்கான இந்தியத் தரம்) கண்காணிப்புக் கருவி அனுப்புவது ஜிபிஎஸ் வேகம். டிரைவர் பார்ப்பது முள். டிரைவர் 80 என்கிறார், முதலாளியின் திரையில் 76. இருவரும் பொய் சொல்லவில்லை. திரையில் ஒரே ஒரு புள்ளியில் மட்டும் 130 என்று வந்தால், அதற்கு முந்தைய, பிந்தைய புள்ளிகளைப் பாருங்கள். 62, 130, 60 என்று இருந்தால் அது பாலத்தடியில் தெறித்த சிக்னல். பாரம் ஏற்றிய வேன் சில விநாடிகளில் அப்படி ஏறி இறங்க முடியாது. எச்சரிக்கை எல்லையை வைக்கும்போது ஒற்றைப் புள்ளிக்கு ஒலிக்காமல், குறைந்தது 10 விநாடி தொடர்ந்து தாண்டினால் மட்டும் ஒலிக்குமாறு அமைக்கச் சொல்லுங்கள். அந்த வசதி இல்லாத மென்பொருளாக இருந்தால், டிரைவரிடம் கேள்வி கேட்கும் முன் அந்த நிமிடத்தின் முழுப் பதிவையும் இறக்கிப் பார்ப்பது முதலாளியின் பொறுப்பு.